நம் பிள்ளையின் நோயும் பிறர் பிள்ளையின் உரிமையும்

(தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வெள்ளிக்கிழமை நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

இறைவனை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

தொழுகையைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் இந்த மிம்பரிலிருந்து நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். இன்று, நம்மில் பெரும்பாலோர் மார்க்கத்தோடு தொடர்புடையதென்றே எண்ணிப் பார்க்காத ஒரு செய்தியைப் பற்றிப் பேச நினைக்கிறேன். உடலெங்கும் தடிப்பும் காய்ச்சலும் உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் செல்கிறோமே, அப்போது நாம் பேண வேண்டிய ஒழுக்கம் என்ன என்பதே அது.

மாலை ஆறு மணிக்கு எந்த ஊரில் எந்தக் குழந்தை மருத்துவரிடம் சென்று பார்த்தாலும் காட்சி ஒன்றுதான். சிறிய அறை, நாலைந்து பெஞ்சுகள், கையில் டோக்கனோடு முப்பது பேர். பிறந்து நாற்பது நாள் ஆன சிசுவோடு ஒரு தாய், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர், சர்க்கரை நோயுள்ள பாட்டி ஒருவர். அவர்களுக்கு நடுவே, சால்வையால் போர்த்திய பிள்ளையோடு ஒருவர் வந்து அமர்கிறார். பிள்ளைக்குக் கண் சிவந்திருக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, விடாத இருமல். என்னவென்று யாரேனும் கேட்டால், "சாதாரணக் காய்ச்சல்தான்" என்று சொல்லிவிடுகிறார். முகத்தில் படர்ந்திருக்கும் தடிப்பைச் சால்வை மறைத்துக்கொள்கிறது.

அந்தத் தகப்பனைக் கொடியவர் என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளை மேல் உள்ள பாசம்தான் அவரை அங்கே கொண்டுவந்தது. ஆனால் பாசம் ஒரு பிள்ளையோடு நின்றுவிட்டால், அதன் விலையை இன்னொரு பிள்ளை கொடுக்க நேரிடுகிறது.

அந்த விலை எவ்வளவு என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். தட்டம்மை என்றும் மணல்வாரி என்றும் நாம் சொல்லும் நோய், மனிதர் அறிந்த தொற்றுநோய்களிலேயே மிக வேகமாகப் பரவுவனவற்றுள் ஒன்று. தடுப்பாற்றல் இல்லாதவர்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை இது தொற்றக்கூடும். தடிப்பு தோன்றுவதற்கு 4 நாட்களுக்கு முன்பிருந்து, தோன்றிய பின் 4 நாட்கள் வரை இது பரவும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது இதுதான்: நோயுள்ள பிள்ளை எழுந்து சென்ற பிறகும் அந்த அறையின் காற்றில் கிருமி 2 மணி நேரம் வரை தங்கியிருக்க முடியும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் பகுதியில் 1981ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு மருத்துவ நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தட்டம்மைத் தடிப்பு தோன்றிய இரண்டாம் நாளில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் குழந்தை மருத்துவரிடம் வந்தான். கடுமையான இருமல். அங்கே அவன் இருந்தது ஒரு மணி நேரம். அதிலும் பெரும்பகுதி ஒரே ஒரு பரிசோதனை அறையில். அந்த ஒரு மணி நேரத்தின் விளைவாக 7 குழந்தைகளுக்கு நோய் வந்தது. அவர்களில் 4 பேர், அவன் காத்திருப்போர் அறையைக் கடந்து உள்ளே வந்தபோதோ வெளியே போனபோதோ சிறிது நேரம் அருகில் இருந்தவர்கள். மற்ற 3 பேர் அவன் இருந்த அறையில் ஒருபோதும் இருந்ததில்லை. அந்த மூவரில் ஒரு குழந்தை அங்கே வந்து சேர்ந்ததே, அவன் போய் ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான்.

சகோதரர்களே! அந்தக் கடைசிக் குழந்தையின் தாய் அச்சிறுவனைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டாள். தன் பிள்ளைக்கு எங்கிருந்து இந்நோய் வந்தது என்று அவள் எப்படி அறிவாள்?

தட்டம்மையைச் சிறிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். அது நுரையீரலைத் தாக்கி நிமோனியாவைக் கொண்டுவரும்; சிலருக்கு மூளைக் காய்ச்சலை உண்டாக்கும்; சத்துக்குறைவுள்ள பிள்ளைகளின் கண் பார்வையைப் பறித்துவிடும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பை மாநகரின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிப் பச்சிளம் பிள்ளைகள் இறந்தனர். நெருக்கமான வீடுகளில் நம் சமுதாய மக்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. கொரோனாக் காலத்தில் தடுப்பூசி தவறிப்போன பிள்ளைகள் அங்கே பலர் இருந்தனர்.

நம் நாட்டில் இதற்கான தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்த பின்னர்தான் போடப்படுகிறது. அப்படியானால் மருத்துவரின் பெஞ்சில் தாயின் மடியில் உறங்கும் நாற்பது நாள் சிசுவுக்கு என்ன பாதுகாப்பு? தாயிடமிருந்து பெற்ற சிறிதளவு ஆற்றலும், சுற்றியிருக்கும் மனிதர்களின் நேர்மையும்தான். அதனால்தான் இதை உரிமை என்று சொல்கிறேன்.

இந்த இடத்தில் சிலர் ஒரு கேள்வியை எழுப்புவார்கள். "தொற்று என்பது கிடையாது என்று நபிமொழி இருக்கிறதே? நாடியது நடக்கும், நாம் ஏன் அஞ்ச வேண்டும்?" என்பார்கள். இதற்கு மார்க்க அறிஞர்கள் தெளிவான விளக்கம் தந்துள்ளனர். நோய் தன் சொந்த ஆற்றலால், இறைவனின் நாட்டமின்றித் தானாகவே பற்றிக்கொள்ளும் என்ற அறியாமைக்கால நம்பிக்கையைத்தான் நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். காரண காரியங்களை மறுக்கவில்லை. நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்கள் இருக்கும் இடத்திற்குக் கொண்டுவரக் கூடாதென்று ஒட்டகக்காரர்களுக்குக் கட்டளையிட்டவர்களும் அதே பெருமானார்தாம். ஸஹீஹான நூல்களில் இவ்விரண்டும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாகவே அறிவிக்கப்பட்டுள்ளன. ஒட்டகத்திற்கே இந்த நீதி என்றால், ஆதமுடைய மக்களின் குழந்தைகளுக்கு எவ்வளவு நீதி வேண்டும்!

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃக் என்னும் இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். விதிக்கு உள்ளேயேதான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடை தந்தார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் கூடாது, அதற்கு அஞ்சி அவ்வூரிலிருந்து தப்பி ஓடவும் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தார்கள். உள்ளே செல்லாதிருப்பது நம்மைக் காக்கிறது. வெளியேறாதிருப்பது பிறரைக் காக்கிறது.

ஆகவே, தவக்குல் என்பது நம் பிள்ளையின் நோயைப் பிறர் மடியில் இறக்கிவைத்துவிட்டு விதியின் மேல் பழி போடுவதன்று.

அப்படியானால் நோயுற்ற பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வதா? அதுவும் தவறு. நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய மார்க்கம் இது. அம்மை என்றால் மருத்துவரிடமே போகக் கூடாது என்ற எண்ணம் நம் வீடுகளிலும் சில இடங்களில் புகுந்திருக்கிறது. அதற்கு மார்க்கத்தில் எந்த அடிப்படையும் இல்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி முதன்முதலில் விரிவாகத் தனி நூல் எழுதியவர் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம் மருத்துவர் அர்ராஸீ ஆவார். அந்தப் பாரம்பரியத்தில் வந்தவர்கள் மருத்துவத்தைப் புறக்கணிக்கலாமா?

போக வேண்டும், ஆனால் எப்படிப் போக வேண்டும்? இதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே வழி இருக்கிறது. ஸகீஃப் குலத்தாரின் தூதுக்குழு உறுதிமொழி அளிக்க வந்தபோது அவர்களில் தொழுநோயாளி ஒருவர் இருந்தார். பெருமானார் அவருக்கு ஆளனுப்பி, அவருடைய உறுதிமொழியை ஏற்றுக்கொண்டுவிட்டதாகவும், அவர் திரும்பிச் செல்லலாம் என்றும் தெரிவித்தார்கள். இதில் உள்ள நயத்தைப் பாருங்கள். அவர் கூட்டத்திற்குள் வரவில்லை. ஆயினும் அவருக்குரியது எதுவும் குறையவில்லை. நோயாளியின் தேவையும் நிறைவேறியது, கூட்டத்தின் பாதுகாப்பும் நிலைத்தது. இன்று நம் கையில் இருக்கும் கைப்பேசி அந்த ஆளின் வேலையைச் செய்யுமே!

எனவே காய்ச்சலோடு தடிப்பு, கொப்புளம், கன்னத்தின் கீழ் வீக்கம், மூச்சு வாங்கும் அளவுக்குத் தொடர் இருமல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், புறப்படுவதற்கு முன் மருத்துவரிடமோ சுகாதார நிலையத்திலோ தெரிவியுங்கள். தொலைபேசி எண் இல்லையென்றால், பிள்ளையை வெளியே மரநிழலிலோ ஆட்டோவிலோ ஒருவரிடம் விட்டுவிட்டு, மற்றொருவர் மட்டும் உள்ளே சென்று, "பிள்ளைக்குத் தடிப்பு இருக்கிறது, எப்போது எந்த வழியாக அழைத்து வரட்டும்?" என்று கேளுங்கள். கூட்டம் கலைந்தபின் வரச் சொன்னால் அதை அவமதிப்பாகக் கருதாதீர்கள். உடன் ஒரு பெரியவர் மட்டும் செல்லுங்கள். மற்றப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். கூடுமானவரை நெரிசலான பேருந்தைத் தவிருங்கள். பிள்ளை தாங்கும் வயதாக இருந்தால் முகக்கவசம் அணிவியுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் முகத்தை மூடக் கற்றுக்கொடுங்கள். தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வது நம் நபி (ஸல்) அவர்களின் வழக்கம். எங்கு செல்வதென்று தெரியாதவர்கள் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம்; உங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கேட்கலாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ, பால் தண்ணீர் எதையும் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். அங்கே நுழையும்போதே தடிப்பு இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அது போதும். உயிர் காக்கும் அவசரத்தில் மார்க்கம் எவரையும் வாசலில் நிறுத்தவில்லை.

மருத்துவர் வீட்டில் வைத்திருக்கச் சொன்ன நாட்களையும் முழுமையாகப் பேணுங்கள். தட்டம்மையானால் தடிப்பு தோன்றியதிலிருந்து 4 நாட்கள்; சின்னம்மையானால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை; பொன்னுக்கு வீங்கியானால் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாட்கள் பிள்ளையை மற்றவர்களோடு சேர்க்கக் கூடாது. சின்னம்மை பிள்ளைகளுக்கு எளிதாகக் கழிந்துவிடலாம். ஆனால் முன்பு அது வராத கர்ப்பிணிக்குத் தொற்றினால் அவருக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் ஆபத்தாக முடியக்கூடும். கல்யாண வீடு இருக்கிறது, பெருநாள் வருகிறது என்று அந்த நாட்களைக் குறைத்துவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டில் நோய்ப் பரவலுக்காகப் பள்ளிவாசல்களின் கதவுகள் மூடப்பட்டு, ஜும்ஆவுக்குப் பதிலாக வீடுகளில் லுஹர் தொழுதோம். பிறர் உயிருக்காக ஜும்ஆவையே விட்டுக்கொடுத்த நாம், ஒரு விருந்தை விட்டுக்கொடுக்க முடியாதா? பூண்டும் வெங்காயமும் பச்சையாக உண்டவர், அந்த வாடையோடு பள்ளிக்கு வந்து பிறரைத் துன்புறுத்தக் கூடாதென்று தடுத்த மார்க்கமல்லவா நம்முடையது? வாடை சிறிது நேரத்தில் போய்விடும். நோய் அப்படியன்று.

இனி, இந்த ஊர் மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்கிறேன். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இதே பாப்பாரப்பட்டியில்தான் மறைந்தார். அவருடைய நினைவிடம் இங்கே இருக்கிறது. வ.உ.சிதம்பரனாரோடு 1908இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர், அங்கே தொழுநோய்க்கு ஆளானார். விடுதலையான பின், அந்நோயைக் காரணம் காட்டி இரயிலில் ஏற அவருக்குத் தடை விதித்தது ஆங்கில அரசு. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் அவர் ஊர் ஊராகச் சென்றார்.

தொழுநோய் எளிதில் பரவும் நோயன்று. பெரும்பாலான மனிதருக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே இருக்கிறது. நீண்டகாலம் நெருங்கிப் பழகினால்தான், அதுவும் சிலருக்கே அது தொற்றும். இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முழுமையாகக் குணமாகிறது. சிகிச்சை தொடங்கியபின் அது பிறருக்குப் பரவுவதில்லை. ஆனால் அந்த நோயாளிகளை உலகம் எப்படி நடத்தியது? வண்டியில் ஏற்றவில்லை, தெருவில் சேர்க்கவில்லை. அதே நேரத்தில், ஒரு மணி நேரத்தில் ஏழு குழந்தைகளைப் பற்றும் தட்டம்மையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே அமர்கிறோம். அஞ்ச வேண்டிய அளவைவிட ஒன்றுக்கு மிகுதியாக அஞ்சினோம். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருக்கிறோம். இரண்டுமே அறியாமையால் விளைந்தவை.

சிவாவின் வாழ்க்கை நமக்கு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. நோயாளியைத் துரத்தும் சமுதாயத்தில் நோயை யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். அந்தத் தகப்பன் ஏன் சால்வையால் மறைத்தார்? சொன்னால் முகம் சுளிப்பார்கள், எழுந்து போகச் சொல்வார்கள், அக்கம்பக்கத்தார் ஒரு மாதம் பேச மாட்டார்கள் என்ற அச்சத்தால்தான். அவரை உண்மை பேசவிடாமல் செய்ததில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகையால், நோயுற்ற பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு கடமை இருப்பதைப் போல, மற்றவர்களுக்கும் கடமை உண்டு. "என் பிள்ளைக்குத் தடிப்பு" என்று ஒருவர் வெளியே நின்று சொன்னால், அவருக்காக துஆச் செய்யுங்கள். அவருடைய டோக்கன் முறையைக் காத்துக் கொடுங்கள். வீட்டில் பிள்ளையோடு அடைபட்டிருக்கும் தாய்க்கு வாசல்வரை உணவும் மருந்தும் கொண்டு சேர்ப்பது அண்டை வீட்டாரின் கடன். அன்றாடக் கூலிக்குச் செல்லும் தாய் ஐந்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அந்த ஐந்து நாளை ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்தோ வசதியுள்ளவர்களின் ஸதகாவிலிருந்தோ தாங்கிக்கொள்ள நம்மால் முடியாதா? வேலை கொடுப்போர் விடுப்புக் கொடுங்கள். மக்தப் மதரஸாவின் உஸ்தாதுமார்கள் அந்தப் பிள்ளையின் வருகைக் குறைவுக்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவமனை நடத்துவோர், காய்ச்சலும் தடிப்பும் உள்ளோர் வெளியிலேயே தெரிவிக்குமாறு வாசலில் ஒரு பலகை வையுங்கள். அவர்களுக்குக் காற்றோட்டமான இடத்தில் தனியாக ஒரு பெஞ்சு போடுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் மாநிலத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பலர் தயங்கினர். செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு நமக்குக் கட்டளையிருக்கிறது. இத்தடுப்பூசி அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணை. இன்று வீட்டுக்குச் சென்றதும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் செவிலியரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள்.

இறுதியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலான தவறுகளை, தவ்பாச் செய்தால் அல்லாஹ் மன்னிக்கிறான். மனிதர்களின் ஹக்கில் செய்த தவறுக்கோ, பாதிக்கப்பட்டவரிடம் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவருடைய பொருளை எடுத்திருந்தால் வீடு தேடிச் சென்று திருப்பிக் கொடுக்கலாம். புறம் பேசியிருந்தால் கையைப் பிடித்து மாப்புக் கேட்கலாம். மருத்துவரின் காத்திருப்போர் அறையில் நம் அலட்சியத்தால் நோயுற்ற குழந்தை யார்? எந்த ஊர்? அதன் தாயின் பெயர் என்ன? பத்து நாள் கழித்து எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கும். நமக்குத் தெரியாது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

அறியாமல் நடந்ததற்கு அல்லாஹ் நம்மைப் பிடிப்பதில்லை. இன்று அறிந்துகொண்டோம். இனி இது அமானத். அடுத்த முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரின் வாசலை அடையும்போது, உள்ளே ஒரு சிசு தாயின் மடியில் உறங்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். படியில் ஒரு கணம் நின்று, உள்ளே சொல்லியனுப்புங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் நோய்களைக் குணமாக்குவாயாக! எங்களால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! நோயுற்றோரை வெறுக்காத உள்ளத்தையும், நோயை மறைக்காத நாவையும் எங்களுக்குத் தருவாயாக! மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நற்கூலி வழங்குவாயாக! ஆமீன்.